மறு: ஸ்டீம் மாப்புக்குத் தமிழில் என்ன பெயர்?

> கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ‘ஸ்டீம் மாப்’ என்பதற்கு இப்போதைக்கு ‘நீராவித் துடைப்பான்’ என்று போட்டிருக்கிறேன். இன்னும் சுருக்கமாகக் கிடைக்குமா? அப்படியே, இதை வாங்கலாமா என்றும் யாராவது சொல்லுங்கள். வீட்டில் கேட்கிறார்கள்.

மன்னார்குடி நண்பருக்கு வணக்கம்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவி தரையில் என்ன செய்கிறது என்பது தெரியாமல் நான்கு நாட்களாகப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

போன கோடையில் என் மருமகள் ஒன்றை வாங்கி வைத்துவிட்டுப் போனாள். எனக்கு முட்டிவலி, குனிந்து துடைக்க முடியாது. நீண்ட பிடியின் அடியில் ஒரு துணி, அதன் வழியே ஆவி தரைக்கு வரும். 1300 வாட், தொட்டியில் 350 மில்லி தண்ணீர் பிடிக்கும். அது முழுவதையும் ஆவியாக்க ஏறத்தாழ 12 நிமிடமும் கால் யூனிட் மின்சாரமும் ஆகும். காகிதத்தில் கணக்குப் போட்டேன், சுவர்க்கடிகாரமும் ஒத்துக்கொண்டது. வாளித் தண்ணீர் செலவாகும் இடத்தில் ஒன்றரை டம்ளர்தான். தரையும் மின்விசிறி போட்ட சற்று நேரத்தில் காய்ந்துவிடுகிறது.

எங்கள் வீட்டுச் சமையலறைத் தரை டைல்ஸ். அடுப்பு மேடைக்குக் கீழே தாளிக்கும்போது தெறித்த எண்ணெய், அதன்மேல் சிந்திய மஞ்சள்தூள், அதன்மேல் நடந்த கால்கள் எல்லாம் சேர்ந்து பிசினாக ஒட்டிக்கொண்ட ஓர் இடம் உண்டு. முதலில் வழக்கம்போல் முன்னும் பின்னும் வேகமாகத் தள்ளினேன். கறை நனைந்து பளபளத்தது, அவ்வளவுதான். பிறகு துணியை அதன்மேல் வைத்து, பத்து எண்ணும்வரை அசையாமல் நின்றேன். இழுத்தபோது பிசின் இளகித் துணியோடு வந்துவிட்டது. இரண்டு டைல்ஸுக்கு நடுவேயுள்ள இணைப்பில் மஞ்சள் சாயம் மட்டும் தங்கியது. அது ஆவிக்குப் போகவில்லை. கிருமியும் இப்படித்தான். சூடு மட்டும் போதாது, சூடு தங்கும் நேரமும் வேண்டும். கடையில் செய்து காட்டும் வேகத்தில் ஓட்டினால் ஈரத்துணியால் துடைத்த பலன்தான்.

அடுத்துக் கூடத்துக்குப் போனேன், அது என் தவறு. எங்கள் கூடம் தாத்தா காலத்துச் சிவப்பு சிமெண்ட் தரை. தேங்காயெண்ணெயும் மெழுகும் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியும்படி வைத்திருந்தார்கள். ஊஞ்சலுக்குக் கீழே இரண்டு இழுப்புதான் இழுத்தேன். ஒரு முழ அகலத்துக்கு வெளுத்த பட்டை விழுந்துவிட்டது. மெழுகு ஆவியில் இளகித் துணியில் ஏறிவிட்டது. இன்றைக்கும் விருந்தாளி வந்தால் அங்கே பாயைப் போட்டு உட்கார வைக்கிறோம். மரப்பலகைத் தரைக்கும் லேமினேட் பலகைக்கும் இதே ஆபத்து உண்டு; இணைப்பு வழியே ஈரம் இறங்கினால் பலகை உப்பிவிடும்.

இன்னொன்று தண்ணீர். காவிரிக்கரையில் இருந்துகொண்டு எங்களுக்கு ஆழ்குழாய் நீர்தான். அதை ஊற்றினால் ஆவி வரும் துளையில் வெள்ளையாக உப்பு கட்டிக்கொள்கிறது. இப்போது சுத்திகரிப்பு இயந்திரத்தில் பிடித்த நீரை ஊற்றுகிறேன். அறுவடைக் காலத்தில் வீட்டுக்குள் வரும் வைக்கோல் தூசியை நன்றாகப் பெருக்கிவிட்டுத்தான் இதை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தூசி குழம்பாகி வீடு முழுவதும் கோடு போடும்.

ஆக, டைல்ஸ் தரையும் முட்டிவலியும் இருந்தால் வாங்கலாம். முற்றம் வைத்த பழைய வீட்டுக்காரர்கள் காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப் பெயருக்கு வருகிறேன்.

‘நீராவித் துடைப்பான்’ தப்பில்லை. ஆனால் துடைப்பது என்றால் கை வேகமாகப் போகும். இதன் வேலையே நிற்பதில் இருக்கிறது. ‘ஆவித் துடைப்பம்’ என்ற திருச்சி நண்பர் மன்னிக்க வேண்டும். துடைப்பம் என்றால் எங்களுக்கு விளக்குமாறு. அதோடு ஆவியையும் சேர்த்தால் பேயோட்டுகிறவரின் கையிலிருக்கும் பொருள்தான் நினைவுக்கு வருகிறது. ‘தரைமெழுகி’ காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் சாணம் மெழுகுவது ஒரு பூச்சைப் போடும் வேலை. இதுவோ இருந்த மெழுகையே எடுத்துக்கொண்டு போனது!

நான் முதலில் நினைத்தது ‘ஆவியொற்றி’. ஒற்றடம் கொடுப்பதுபோல வைத்து எடுப்பதால் அப்படித் தோன்றியது. என் தம்பி நிலப்பத்திரம் எழுதுகிறவன். கேட்டதும், “எத்தனை வருஷத்துக்கு ஒற்றி, அண்ணா?” என்றான். நிலத்தை அடமானம் வைப்பதற்கும் ஒற்றி என்றுதான் பெயர். அத்துடன் விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாள் வேதாரண்யம் பக்கத்துக்காரர். நான் அடுப்படியில் அசையாமல் நின்றதைப் பார்த்துவிட்டு, “தரைக்கும் ஜலதோஷமா ஐயா, வேது பிடிக்கிறீர்கள்?” என்று கேட்டார். நொச்சி இலையைப் போட்டுக் கொதிக்க வைத்து, போர்வைக்குள் உட்கார்ந்து பிடிப்போமே, அந்த வேது. வெம்மையும் ஆவியும் பொறுத்திருப்பதும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. எழுதுகோல், அளவுகோல், திறவுகோல் வரிசையில் ‘வேதுகோல்’ என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

‘வேதுக்கோல்’ என்று ஒற்று மிகாதா என்று ஆசிரியர் ஐயா கேட்பார் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். வேது நெடில்தொடர்க் குற்றியலுகரம். ஆறு ‘ஆற்று’ என்றும் வீடு ‘வீட்டு’ என்றும் நடுவே ஒற்று இரட்டிக்கும்; அப்படி இரட்டிக்காத இத்தகைய சொற்களுக்குப் பின் வேற்றுமையில் வல்லினம் மிகாது என்பது நன்னூல் விதி. கணினி, பேசி போல இகரம் சேர்க்கலாமே என்றால், ‘வேதி’ ஏற்கெனவே வேதியியலுக்குப் போய்விட்டது. சோப்பு நீர்கூடக் கேட்காத கருவிக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

அன்புடன்,
கும்பகோணத்துக்காரன்

*

> எழுதுகோல் என்பது எழுதும் கோல், வினைத்தொகை. வேது பெயர்ச்சொல். வரிசை ஒத்துவரவில்லையே? கோல் இல்லாமல் கையடக்கமாக வரும் கருவியை என்ன சொல்வது? நேற்றுக் கடையில் ‘வேதுகோல் இருக்கிறதா’ என்று கேட்டுப் பார்த்தேன். முதியோருக்கான கைத்தடிகளைக் காட்டினார்கள்.

நண்பரே, முதல் பிழையை ஒப்புக்கொள்கிறேன். துலாக்கோல் என்று எடுத்துக்காட்டை மாற்றிக்கொள்கிறேன், சொல்லை மாற்றவில்லை. கையடக்கமானதற்குக் ‘கைவேது’ போதும். கையேட்டில் முதல் இடத்தில் மட்டும் ‘வேதுகோல் என்னும் ஸ்டீம் மாப்’ என்று போட்டுவிடுங்கள்.

கைத்தடி என்ன விலை சொன்னார்கள்? முட்டிவலி இன்னும் அப்படியேதான் இருக்கிறது.