ஈரலில் நீர்க்கட்டி: உங்கள் வீட்டில் யாருக்காவது வந்ததா?

மானூர்ப் பெண்:
சித்தியின் வயிற்றிலிருந்து எடுத்ததை மருத்துவர் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் காட்டினார். நான்கு வருடமாகியும் அந்தக் கிண்ணம் கண்ணைவிட்டுப் போகவில்லை. நுங்குச் சுளைகள் போல, சிறிதும் பெரிதுமாக, வழுவழுவென்று. பதினேழு வரை எண்ணினேன், அதற்குமேல் முடியவில்லை.

சித்தப்பாவுக்குச் செம்மறிக் கிடை. ஸ்கேனில் 'நீர்க்கட்டி' என்றதும் கர்ப்பப்பையில்தான் என்று நினைத்துச் சித்தி ஏழு மாதம் கஷாயம் குடித்தார். ஈரலில் என்று பிறகுதான் புரிந்தது.

ஆனால் அந்தச் சுளையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எட்டாம் வகுப்புப் படித்தபோது, சுடலைமாடன் கொடையில் வெட்டிய கிடாவின் ஈரலில். "இது ஆகாது" என்று சித்தப்பா அறுத்து எறிந்தார். கிடை நாய் அதை அந்தரத்திலேயே கவ்வியது. சித்தி கையால் சோறு தின்று வளர்ந்த நாய்.

நான்குநேரியான்:
என் அப்பாவுக்கு நுரையீரலில் வந்தது. காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு விடியற்காலையில் இருமியவர் வாய் நிறையத் தண்ணீராகத் துப்பினார். "உப்புக் கரிக்கிறது" என்றார். துப்பியதில் திராட்சைத் தோல் போல வெள்ளையாக ஏதோ கிடந்தது. கட்டி உள்ளே உடைந்திருக்கிறது. அந்த உப்பைத்தான் அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

திசையன்விளை அண்ணாச்சி:
நாயிடமிருந்துதான் இந்தக் கட்டி வருகிறது என்று எல்லாப் பழியையும் நாய் மேல் போடுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் வீட்டில் முப்பது வருடமாகச் சிப்பிப்பாறை நாய்கள் இருக்கின்றன, ஒருவருக்கும் ஒன்றும் வந்ததில்லை. இது பன்றிக்கறியில் வரும் புழுதானே? எங்கள் தெருவில் ஒருவருக்கு இந்தக் கட்டி என்றதும், வீட்டு நாயைக் குளத்துக்கரையில் விட்டுவிட்டு வந்தார்கள். மூன்று நாள் அது அதே இடத்தில் வழியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:
அறுப்புக்கூடங்களில் இந்த ஈரலை நிறையப் பார்த்திருக்கிறேன். நாய்கள் வாசலில் காத்திருக்கும்; நானும் பேசாமல் வந்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணாச்சி, இரண்டையும் குழப்பாதீர்கள். பன்றி நாடாப்புழுவின் முட்டை உள்ளே போனால் மூளையில் கட்டி வந்து வலிப்பு வரும். அது வேறு. இது எகினோகாக்கஸ் என்ற நாய் நாடாப்புழு. கட்டியுள்ள ஆட்டு ஈரலைத் தின்ற நாயின் குடலில் வளரும் இந்தப் புழு முழுதாக வளர்ந்தாலும் 2 முதல் 7 மில்லிமீட்டர்தான். நாய்க்கு நோவு எதுவும் தெரியாது. மலத்தில் வெளிவரும் முட்டை மண்ணில், கீரையில், நாயின் ரோமத்தில் ஒட்டி, நம் கை வழியாக வாய்க்குப் போகிறது. ஆட்டுக்கறி தின்பதால் மனிதருக்கு வராது. கட்டி பல வருடம் சத்தமில்லாமல் வளரும். ஆகவே ஸ்கேன் எடுக்காமல் 'ஒன்றும் வந்ததில்லை' என்று சொல்லிவிட முடியாது.

நாய் மேல் குற்றமில்லை என்பதில் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். ஈரலை எறிவது நாம்தான். கொடையோ கல்யாணமோ, கழிவை நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். நாய்க்குப் பிராசிகுவான்டல் மாத்திரையை எடைக்குத் தக்கபடி வருடத்துக்கு 4 முறையாவது கொடுங்கள். எல்லாக் குடற்புழு மாத்திரையிலும் அது இருக்காது, கேட்டு வாங்குங்கள். கட்டி உள்ளவர்களுக்கு: தகுந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் ஊசி குத்தி நீர் எடுக்க விடாதீர்கள். உள்ளே சிந்தினால் ஒவ்வாமையால் உயிருக்கே ஆபத்து, சிந்திய இடத்தில் புதுக் கட்டியும் முளைக்கும். புழுவைக் கொல்லும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுத்தால் எண்ணெயோ நெய்யோ சேர்ந்த சாப்பாட்டோடு சாப்பிடுங்கள், அப்போதுதான் உடம்பில் சேரும்.

எந்த நேரத்திலும் உலகில் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் இந்த நோயோடு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐஸ்லாந்தில் ஒரு காலத்தில் ஊரெங்கும் இருந்ததை ஒழித்தே விட்டார்கள். இங்கே கிடைக்காரர் ஒருவர் படுத்தால், அறுவைச் செலவுக்கு ஆடு விற்கிறார்; மேய்க்க ஆளில்லாமல் மீதி ஆடும் போகிறது. எந்தக் கணக்கில் இதை எழுதுகிறார்கள்?

மானூர்ப் பெண்:
ஐயா, எங்கள் வீட்டில் விற்றது இருபத்திரண்டு ஆடு.

அறுவை முடிந்த அன்று சித்தப்பா வராந்தாவில் என்னிடம் கேட்டார்: "நான் எறிந்ததாலா?" நான் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அந்த நாய் எப்போதோ செத்துவிட்டது. இப்போது கிடையில் நிற்பது அதன் பேத்தி, போன வாரம் ஏழு குட்டி போட்டிருக்கிறது. நீங்கள் சொன்ன மாத்திரையை எத்தனையாவது வாரத்திலிருந்து குட்டிகளுக்குக் கொடுக்கலாம்?