கணையத் தலைப் புற்று, பித்தநாள அடைப்பு: எந்த உலோக ஸ்டென்ட், எவ்வளவு நீளம்?

முதுநிலை_இரண்டாம்ஆண்டு:
வணக்கம். 64 வயது ஆண். கணையத் தலையில் கட்டி, சி.டி.யில் மேல் மெசென்டெரிக் தமனியைச் சுற்றிப் பிடித்திருக்கிறது. உடனடி அறுவை இல்லை, பயாப்ஸியில் உறுதியானதும் கீமோ என்று முடிவு. பிலிருபின் (காமாலை அளவு) 17 மி.கி./டெ.லி., ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தின் அளவு) 1.8, காய்ச்சல் இல்லை, அரிப்பில் தூக்கமே இல்லை. அடைப்பு பித்தநாளத்தின் கீழ்ப்பகுதியில் 2.5 செ.மீ. நீளம். பித்தப்பை உப்பியிருக்கிறது. இப்போதைக்கு பிளாஸ்டிக் ஸ்டென்ட் (நாளத்தைத் திறந்து வைக்கும் குழாய்) போட்டுவிட்டு, பயாப்ஸி வந்ததும் உலோகத்துக்கு மாற்றலாமா? உலோகம் என்றால் கவர்டா (வலைமேல் உறை போட்டது), அன்கவர்டா (உறையில்லாத வெறும் வலை)? நீளம் 6 செ.மீ. போதுமா?

எண்டோ_மேசை:
டாக்டர், பிளாஸ்டிக் வேண்டாம். 10 ஃபிரெஞ்ச் பிளாஸ்டிக் ஸ்டென்ட்டின் வெளிவிட்டமே 3.3 மி.மீ.தான். கிருமிப் படலமும் பித்தக் கசடும் சேர்ந்து சுமார் மூன்று மாதத்தில் அடைத்துவிடும். அந்த நேரத்தில் இவர் கீமோவின் நடுவில் இருப்பார். வெள்ளணு குறைந்திருக்கும்போது பித்தநாளத் தொற்று வந்தால் உயிருக்கே ஆபத்து, கீமோவும் தள்ளிப்போகும். தானே விரியும் உலோக ஸ்டென்ட் 10 மி.மீ. வரை திறக்கும், மாதக்கணக்கில் கூடுதலாகத் தாங்கும்.

ஆனால் பயாப்ஸி கையில் இல்லாமல் அன்கவர்ட் போடாதீர்கள். வலைக் கண்களுக்குள் சளிச்சவ்வு வளர்ந்து பிடித்துக்கொண்டால் பிறகு எடுக்கவே முடியாது. கணையத் தலை வீங்கி, காமாலையோடு வருவதெல்லாம் புற்றுநோய் அல்ல. ஸ்டீராய்டில் கரைகிற ஆட்டோஇம்யூன் கணைய அழற்சியும் இதே முகத்தோடுதான் வரும். அதற்கான ஐ.ஜி.ஜி.4 ரத்தப் பரிசோதனை அனுப்பினீர்களா?

என் யோசனை: ஒரே மயக்கத்தில் முதலில் எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்டில் ஊசி பயாப்ஸி, அடுத்து இ.ஆர்.சி.பி. (எண்டோஸ்கோப் வழியே பித்தநாளத்துக்குள் போய் ஸ்டென்ட் வைப்பது). இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஸ்டென்ட் போட்ட பிறகு அதன் நிழலில் கட்டியின் விளிம்பு சரியாகத் தெரியாது. பயாப்ஸி முடிவு உறுதியாகும்வரை தேவைப்பட்டால் வெளியே எடுக்கக்கூடிய முழு கவர்டே பாதுகாப்பு.

கவர்டிலும் தொல்லை உண்டு. ஒன்று, நழுவும். மற்றது பித்தப்பை. பித்தப்பைக் குழாயின் வாயைக் கட்டி ஏற்கெனவே பிடித்திருந்தால், அதன்மேல் உறை போய் மூடும்போது பித்தப்பை அழற்சிக்கு வழி திறக்கிறீர்கள். எம்.ஆர்.சி.பி.யில் (பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) அந்த வாய் எங்கே சேர்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

சி_ஆர்ம்_அருகில்:
முதலில் ஐ.என்.ஆர். பித்தம் குடலுக்கு வராததால் வைட்டமின் கே உறிஞ்சப்படவில்லை. 10 மி.கி. நரம்பு வழியே மெதுவாகக் கொடுத்து, 1.5க்குக் கீழே வந்ததும் செய்யுங்கள். உலோக ஸ்டென்ட்டுக்காக மட்டும் ஸ்பிங்க்டரை (பித்தநாள வாயின் சுருக்குத் தசை) வெட்ட வேண்டிய அவசியமில்லை. இவருக்கு ரத்தக்கசிவு ஆபத்து வேறு இருக்கிறது. ஒவ்வாமையோ சிறுநீரகக் கோளாறோ இல்லையென்றால் டைக்லோஃபெனாக் அல்லது இண்டோமெத்தசின் 100 மி.கி. ஆசனவாய் வழியே, தொடங்கும் முன்பே, கணைய அழற்சியைத் தடுக்க.

நீளம்: அடைப்புக்கு மேலே குறைந்தது 1 செ.மீ., கீழே பாப்பிலாவை (பித்தநாளம் குடலில் திறக்கும் வாய்) தாண்டி முன்சிறுகுடலுக்குள் 5 முதல் 10 மி.மீ. உங்கள் கணக்குக்கு 6 செ.மீ. பொருந்தும். ஆனால் சி.டி.யை நம்பி பெட்டியைப் பிரிக்காதீர்கள். கான்ட்ராஸ்ட் (எக்ஸ்-ரேயில் தெரியும் மருந்து) போட்டு, கைடு வயர் (வழிகாட்டிக் கம்பி) மேலே ஏறியதும் கதீட்டரை அடைப்பின் மேல்முனையிலிருந்து பாப்பிலா வரை இழுத்து, ஸ்கோப்புக்கு வெளியே எவ்வளவு வந்தது என்று அளந்துவிடுங்கள்.

விரிக்கும்போதுதான் பலரும் தவறுகிறார்கள். பின்னல் வகை ஸ்டென்ட் அதைச் செலுத்தும் கருவியின் உறைக்குள் நீளமாக இருக்கும், திறக்கத் திறக்கச் சுருங்கி மேல்நோக்கி ஏறப் பார்க்கும். உதவியாளர் உறையை மெதுவாக இழுக்கும்போது, நீங்கள் முழு அமைப்பையும் உங்கள் பக்கம் இழுத்துப் பிடித்தபடியே இருக்க வேண்டும். பாப்பிலாவருகே தெரியும் கருவியின் மஞ்சள் குறியை விட்டுக் கண் அகலக்கூடாது. சில மாடல்களைப் பாதிக்கு மேல் விரித்த பிறகும் உறைக்குள் திரும்ப இழுக்கலாம், லேசரில் வெட்டிய வகையில் முடியாது. எது கையில் இருக்கிறது என்று பாக்கெட்டைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். கீழ்முனை அதிகமாக நீண்டால் எதிர்ச்சுவரில் உரசிப் புண்ணாகும். குட்டையாக இருந்தால் நாளத்துக்குள் போய்விடும்.

நடுவில் இடுப்பு போல ஒடுங்கி நின்றால் பதற வேண்டாம், பலூன் விட்டு விரிக்கவும் வேண்டாம். ஓரிரு நாளில் தானே விரியும்.

கல்லீரல்வாசல்:
மேலே சொன்னது எல்லாம் கீழ்ப்பகுதி அடைப்புக்கு. இந்த இழையை வேறு நோயாளிக்காகப் படிப்பவர்கள் கவனிக்கவும்: இரு கல்லீரல் நாளங்களும் சேருமிடத்தில் அடைப்பு என்றால் கணக்கே வேறு. பித்தப்பைப் புற்று அதிகமுள்ள கங்கைச் சமவெளியில் இந்த வகைதான் நிறைய. அங்கே கவர்ட் கூடாது, பக்கக் கிளைகளை மூடிவிடும். எம்.ஆர்.சி.பி. பார்த்து எந்தப் பகுதியை வடிப்பது என்று முன்பே முடிவெடுங்கள், வேலை செய்யும் கல்லீரலில் பாதிக்கு மேல் வடிய வேண்டும். வடிக்கப் போகாத கிளைக்குள் கான்ட்ராஸ்ட் செலுத்தினால் அங்கே சீழ் பிடிக்கும். பல நேரங்களில் தோல் வழியாக வடிப்பதே நல்லது.

இன்னொன்று. உடனே அறுவை செய்யக்கூடியவர்களுக்கு ஸ்டென்ட்டே வழக்கமாகத் தேவையில்லை. 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், பிலிருபின் சுமார் 14.6க்குள் இருந்தவர்களில் முதலில் வடித்த குழுவில் 74 சதவீதத்தினருக்குக் கடும் சிக்கல், நேரே அறுவைக்குப் போன குழுவில் 39 சதவீதம். அதில் போட்டது பிளாஸ்டிக் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முதுநிலை_இரண்டாம்ஆண்டு:
நன்றி சார். ஐ.ஜி.ஜி.4 இன்று அனுப்புகிறேன். கீமோவில் கட்டி சுருங்கி விப்பிள் அறுவைக்கு (கணையத் தலையை அகற்றுவது) வந்தால் உலோகம் இடைஞ்சலா? பிலிருபின் எந்த வேகத்தில் இறங்க வேண்டும்?

எண்டோ_மேசை:
இடைஞ்சல் இல்லை. மேல்முனைக்கும் கல்லீரல் நாளங்கள் சேருமிடத்துக்கும் நடுவே 1.5 முதல் 2 செ.மீ. நாளத்தை விட்டுவையுங்கள், சர்ஜன் அங்கே வெட்டித் தைப்பார். அதனால் 8 செ.மீ. போன்ற நீண்ட ஸ்டென்ட் வேண்டாம்.

ஒரு வாரத்தில் பார்க்கும்போது பிலிருபின் தெளிவாக இறங்கியிருக்க வேண்டும், இரண்டு வாரத்தில் பாதிக்கு வருவது நல்ல அறிகுறி. 17இலிருந்து இயல்புக்கு வர ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். இரினோடெக்கான் உள்ள கீமோ என்றால் கிட்டத்தட்ட இயல்பு நிலை வேண்டும் என்பதால், புற்றுநோய்ப் பிரிவுக்கு இப்போதே சொல்லிவையுங்கள். இறங்காவிட்டால் ஸ்கேனில் நாளங்கள் இன்னும் விரிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். விரிந்திருந்தால் ஸ்டென்ட்டில் பிரச்சினை. இல்லையென்றால் கல்லீரலே சோர்ந்திருக்கிறது.

குடும்பத்தாரிடம் சொல்லவேண்டியது: குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், திரும்பவும் கறுத்த சிறுநீர், வெளிறிய மலம். எது வந்தாலும் அன்றே வரவேண்டும், மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாது. கவர்ட் கசடால் அடைத்தால் பலூனால் துடைக்கலாம் அல்லது எடுத்து வேறு மாற்றலாம். அன்கவர்டுக்குள் கட்டி வளர்ந்தால் அதனுள்ளேயே இன்னொரு ஸ்டென்ட்.

சி_ஆர்ம்_அருகில்:
பாப்பிலாவுக்குள் நுழைய முடியாவிட்டால் அன்றே வடிக்க மாற்று வழி தயாராக இருக்கட்டும்: அல்ட்ராசவுண்ட் வழியே முன்சிறுகுடலிலிருந்து நேரே பித்தநாளத்துக்குள் ஸ்டென்ட், அல்லது தோல் வழி வடிகுழாய். கான்ட்ராஸ்ட் உள்ளே போய் வெளியே வராமல் நோயாளியை வார்டுக்கு அனுப்பக்கூடாது.