சிக்னலில் நின்றால் ஏசி சுடுகிறது

நண்பர்களே, ஒரு யோசனை சொல்லுங்கள். அப்பா ஓட்டிய 2006 மாடல் பெட்ரோல் கார். நெடுஞ்சாலையில் ஏசி நன்றாகக் குளிர்கிறது. கிண்டி சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் அடுப்படிக் காற்றுதான். ஏசிக்கான ஆர்134ஏ குளிர்பதன கேஸ் நிரப்பியும் பயனில்லை. கம்ப்ரசரை (கேஸை அழுத்தும் பம்ப்) இன்ஜினோடு இணைக்கும் கிளட்ச் 'டக்'கென்று பிடிக்கும் சத்தம் கேட்கிறது.

நேற்று பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும்போதே கண்டென்சர் (கேஸின் சூட்டை வெளியேற்றும் முன்பக்கப் பகுதி) மீது ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன். சற்று நேரத்தில் உள்ளே குளிர்ந்தது! அப்போதுதான் கவனித்தேன், கண்டென்சர் மின்விசிறி சுற்றவே இல்லை. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது.

மெக்கானிக்கோ கம்ப்ரசரையே மாற்றச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை (பணமும்தான்). ரிலே (மின்விசிறிக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) போயிருக்குமா, மின்விசிறி மோட்டாரா? மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்துச் சோதித்தவர்கள் இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். சனிக்கிழமை குடும்பத்தோடு திருச்சி போகவேண்டும்.