எழுதி அழித்த ஆறு ஞாயிறுகள்

அம்மாவுக்கு எண்பது வயது நிறைவதையொட்டிச் சிறு மலர் ஒன்றை அச்சிட்டுப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று வீட்டில் முடிவானபோது, அம்மா நாற்பது ஆண்டுகள் செய்த சுங்குடி முடிச்சு வேலையை, அதாவது துணியில் முடிச்சிட்டுச் சாயமேற்றிப் புள்ளி எடுக்கும் வேலையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வீட்டில் தொலைக்காட்சி ஓயாது. ஆகவே மதுரை மேலமாசி வீதிப் பக்கம் ஒரு காபிக் கடையில் சுவரோர மேசையைப் பிடித்துக்கொண்டு, ஞாயிறு காலைதோறும் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். ஆறு ஞாயிறுகள் கழிந்த பின்பும் கோப்பில் தலைப்பு மட்டுமே இருந்தது.

எழுதாமல் இல்லை. 'மதுரைச் சுங்குடி 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது' என்று தொடங்கினால் அரசு விளம்பரம்போல் இருந்தது, அழித்தேன். 'நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்த சௌராஷ்டிர நெசவாளர்கள்' என்று தொடங்கினால் பள்ளிக்கூடக் கட்டுரையாயிற்று, அதையும் அழித்தேன். அம்மா பேசுவதாக எழுதிய வரிகள்தாம் மிகவும் படுத்தின. அம்மா வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். என் தமிழில் அவர் வானொலிச் செய்தி வாசிப்பவரைப்போல் ஆகிவிட்டார். டம்ளரில் காபி ஆறி ஏடு படிவதற்குள் பத்து வரி எழுதிப் பத்தையும் அழித்திருப்பேன். கடைப் பையன் ஈரத்துணியோடு வந்து, துடைத்த மேசையையே மறுபடி துடைத்து, "அண்ணே, வேற என்ன வேணும்?" என்பான். இடத்துக்கு வாடகையாக இரண்டாவது காபி சொல்வேன்.

மூன்றாம் ஞாயிறன்று ஒரு பத்தி நன்றாக வந்திருந்தது. நகநுனியால் துணியைக் கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி இறுக்கி, கண்ணை எடுக்காமல் அடுத்த புள்ளிக்குப் போகும் அம்மாவின் விரல்கள். சாயத்தில் முக்கிக் காய்ந்த துணியை இருபுறமும் பிடித்து இழுத்தால் படபடவென்று தெறிக்கும் முடிச்சுகள். சாயம் ஏறாத இடங்களில் விழித்துக்கொள்ளும் வெள்ளைப் புள்ளிகள். மிகையாகத் தோன்றியதால் அழித்து, சேமித்து, மூடிவிட்டேன். மறுவாரம் தேடினால் மீட்க வழியில்லை. நினைவிலிருந்து மூன்று முறை எழுதிப் பார்த்தேன்; விரல்கள் வந்தன, வேகம் வரவில்லை. இன்றுவரை எனக்கு ஆற்றாமை அதன்மேல்தான். கடைசியில் அம்மாவைப் பேசவிட்டுக் கைப்பேசியில் பதிந்து, அதைக் கேட்டுக் கேட்டு வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்தே முடித்தேன். அச்சான மலரைப் படிக்கச் சொல்லிக் கேட்ட அம்மா, நூலை எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதைப் போடவில்லையே என்றார்.

மறுமொழி, திருமங்கலத்திலிருந்து:

எனக்கு நேர்ந்தது நேர்மாறு, ஐயா. அண்ணன் காலமானபோது அண்ணிக்கு எழுதவேண்டிய கடிதத்தைப் பேருந்து நிலையத்துக் காபிக் கடையில் பேனாவால் எழுதினேன். தாளில் எழுதுபவள் எதையும் அழிப்பதில்லை, அடிக்கத்தான் செய்வேன். பாகப்பிரிவினைக் கசப்பெல்லாம் வந்துவிட்ட தாள், அதை அடித்துத் திருத்திய தாள், வெறும் ஆறுதல் மட்டும் எழுதிய தாள் என்று மூன்று தாள்கள் பையில் சேர்ந்தன. பேருந்து புறப்படும் அவசரத்தில் உறையில் இட்டது இரண்டாவது தாளை. அண்ணியின் பதிலில், அடித்த வரிகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டதாக எழுதியிருந்தது.