திரும்பிப் போனபோது காணிக்குள் யார் இருந்தது? உங்கள் அனுபவம்

வடலி
யாழ்ப்பாணத்தில் வலி (வலிகாமம்) வடக்கு, மயிலிட்டிப் பக்கம். 90 ஆனியில் வெளிக்கிட்டது. 2017 ஆடியில் இராணுவம் துறைமுகத்தை விட்டது, அதற்குப் பிறகுதான் எங்கள் துண்டும் வந்தது. வீடு இல்லை என்று தெரிந்துதான் போனோம். அத்திவாரமும் இல்லாமல் வழித்திருப்பார்கள் என்று நினைக்கவில்லை. எல்லைக்கல், வேலி, ஒழுங்கை ஒன்றும் இல்லை. முழங்கால் உயரத்துக்குப் பற்றை. அப்பா புளியமரத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து அடி எண்ணி நடந்து, "இதுதான் அடுப்படி" என்று நின்றார். பக்கத்துக் காணிப் பெரியம்மா உடனே, "இல்லைத் தம்பி, நீ நிற்கிறது என்ர வளவு" என்றார். முகாமில் இருபது வருடத்துக்கு மேல் ஒரே தறப்பாளின் கீழ் சோறு தின்ற ஆட்கள்! உள்ளே விட்டு ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, சண்டை தொடங்கியாச்சு. மிஞ்சியிருந்தது பங்குக் கிணறு ஒன்றுதான். காணி உறுதிப் பத்திரத்தில் "கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் பாத்தியமும்" என்று இருக்கிறது. வழி எங்கே, வாய்க்கால் எங்கே? நில அளவையாளரைப் பிடித்தோம். அவர் கேட்ட பழைய வரைபடம் இரண்டு வீட்டிலும் இல்லை.

இரணைமடுத் தண்ணி
நான் மறுபக்கத்து ஆள். சமாதான காலத்தில் இயக்கம் (புலிகள்) எங்களுக்கு அரை ஏக்கர் காட்டியது. காணிக்காரர் வெளிநாடு, காணி காடாகக் கிடந்தது. அம்மா வெட்டித் துப்புரவாக்கி, தென்னை வைத்து, மா வைத்து, பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு முள்ளிவாய்க்கால், செட்டிகுளம் முகாம். 2010இல் திரும்பி வந்து குந்தியதும் அதே இடத்தில்தான். ஒரு நாள் லண்டனிலிருந்து ஒரு ஐயா, தகப்பன் பெயரில் இருந்த அனுமதிப்பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வந்தார். படலையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார், அது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மாமரத்தைப் பார்த்து, "இது அம்மா வைத்ததோ?" என்று கேட்டார். அம்மா, "இல்லை, நான் வைத்தது" என்றா. மனுசன் அப்புறம் ஒன்றும் கதைக்கவில்லை, தேத்தண்ணியும் குடிக்கவில்லை. அடுத்த மாதம் மத்தியஸ்த சபைக் கடிதம் வந்தது. கேட்கிறேன், காணி பத்திரம் வைத்திருக்கிறவனுக்கோ, தண்ணி ஊற்றினவனுக்கோ?

ஸ்காபரோ சிவா
மேலே எழுதினவருக்கு: வெளிநாட்டுக்காரன் என்றால் எல்லோரும் காணி பிடுங்க வந்தவன் இல்லை. நாங்கள் சுற்றுலாவுக்கு ஓடவில்லை. எனக்கும் நடந்தது. சொந்த மச்சானுக்கு அற்றோணி (எங்களுக்குப் பதிலாகக் காணியைப் பார்க்கும் அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுத்தோம், வேலி அடைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி. போய்ப் பார்த்தால் மூன்று மாடி விடுதி நிற்கிறது. வரவேற்பில் இருந்த பிள்ளை என்னிடம் அறை வேண்டுமா என்று கேட்டாள். "தண்ணி ஊற்றினவனுக்குக் காணி" என்றால், என் மச்சானும் சீமெந்து ஊற்றினவன்தானே?

ஓய்வூதியர்
என் அனுபவம் சிறியது. காணிக் கச்சேரி (அரச காணி விசாரணை) ஒன்றில் ஒரே துண்டுக்கு இரண்டு அனுமதிப்பத்திரம் நீட்டப்பட்டதைப் பார்த்தேன், இரண்டும் உண்மையானவை. அவ்வளவுதான்.
ஆனால் இங்கே எல்லோரும் இரண்டு விதமான காணியைப் போட்டுக் குழப்புகிறீர்கள். உறுதிக் காணி வேறு, 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி வேறு. உறுதிக் காணியில் ஒருவர் பத்து வருடம் தடையில்லாமல், உரிமையாளருக்கு எதிராக ஆண்டால், 1871 காலவிதிப்புச் சட்டப்படி உரிமை கேட்கலாம். போரால் வழக்குப் போட முடியாதவர்களுக்காகத்தான் 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது: 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை இடையூறு பட்டவர்களுக்கு. அரச காணியில் காலவிதிப்பே ஓடாது. ஆகவே இரணைமடுத் தம்பி எத்தனை வருடம் இருந்தாலும் நீதிமன்றத்தில் அது உரிமை ஆகாது. பிரதேச செயலகத்தில்தான் தீர்க்க வேண்டும். லண்டன்காரரும் பயிர் செய்து குடியிருக்கும் நிபந்தனையில்தான் அதை வைத்திருந்தார்.
அரசியல்வாதியிடம் போகாதீர்கள். 2013 புரட்டாதியில் வடக்கு மாகாண சபையில் 38இல் 30 இடம் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கொடுத்தோம், காணி அதிகாரம் வரும் என்று. 21ஆம் திகதி தேர்தல், 26ஆம் திகதி உயர் நீதிமன்றம் அரச காணி அதிகாரம் மத்திக்கே என்று சொல்லிவிட்டது. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் எழுதிய தேசியக் காணி ஆணைக்குழு அமைக்கப்படவே இல்லை. 2018இல் சபையின் காலமும் முடிந்தது. உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் எடுங்கள், தோம்பு (பழைய காணிப் பதிவேடு) பாருங்கள், வரி கட்டின பற்றுச்சீட்டு எறியாதீர்கள்.

சோனகத் தெரு
ஓய்வூதியர் ஐயா, அந்த 2016 சட்டம் வழக்குப் போட எவ்வளவு காலம் தந்தது என்பதையும் எழுதியிருக்கலாம். இரண்டு வருடம். 1990 ஐப்பசி 30 அன்று இயக்கம் யாழ்ப்பாண முஸ்லிம்களான எங்களுக்கு வெளியேறத் தந்தது இரண்டு மணித்தியாலம். யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளம் போன சனத்தில் எத்தனை பேரிடம் உறுதி இருந்தது? "பற்றுச்சீட்டு எறியாதீர்கள்" என்கிறீர்கள். எறியவில்லை, பறித்தார்கள்.
எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தவர் நல்ல மனிதர், உறுதியை அவரே கொண்டுவந்து காட்டினார். விற்றவர் இடத்தில் வாப்பாவின் பெயர், கீழே கையொப்பம். வாப்பா கையெழுத்துப் போடத் தெரியாதவர், பெருவிரல்தான். அதைச் சொன்னேன். அவர் முகம் வெளிறிப் போச்சு, பாவம், காசு கொடுத்து வாங்கினவர். இன்னொன்று: வாக்கைப் புத்தளத்தில் பதிந்தால் "நீங்கள் அங்கத்தைய ஆட்கள்" என்று யாழ்ப்பாணத்தில் வீட்டுத்திட்டப் பட்டியலில் இருந்து வெட்டுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் பதிந்தால் புத்தளத்தில் ஒன்றும் இல்லை.

முல்லை அம்மா
எனக்குக் காணிக்குள் ஒருவரும் இல்லை. என்ர சீதனக் காணி, யாழ்ப்பாணத்தில் நாலு பரப்பு. மகளுக்கு எழுத நொத்தாரிசிடம் போனேன். தேசவழமைப்படி (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) புருசனின் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம். "அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ அம்மா" என்று அந்தப் பிள்ளை குனிந்து எழுதியபடியே சொன்னா. மகள் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

ஓய்வூதியர்
அம்மா, 1911 யாழ்ப்பாணத் திருமண உரிமை, மரபுரிமைச் சட்டத்தில் வழி இருக்கிறது. கணவர் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றம் அவருடைய சம்மதத்துக்குப் பதிலாக உத்தரவு தரலாம். மனுப் போடுங்கள். மரணச் சான்றிதழ் எடுத்தால் இன்னும் சுலபம்.

முல்லை அம்மா
மனுப் போட்டாச்சு ஐயா. மரணச் சான்றிதழ் எடுக்கமாட்டேன், அதைக் கேட்காதேங்கோ. மனுவில் "எங்கே இருக்கிறார் என்று தெரியாது" என்று எழுதினார்கள். அவரை யாரிடம் கையளித்தேன் என்று எனக்குத் தெரியும். அதையும் எழுதச் சொன்னேன். எழுதினால் இழுபடும் என்று சட்டத்தரணி விட்டுவிட்டார். மகளுக்குத் தையில் கலியாணம். தவணை மாசிக்குப் போட்டிருக்கிறார்கள்.