எபிடியூரலில் மூச்சு: "மூச்சுத் தளர்ச்சி" என்ற ஒரே சொல் போதுமா?

> கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைப் பக்கத்து வார்டுகளுக்குத் தமிழில் கண்காணிப்புத் தாள் தயாராகிறது. எபிடியூரல் (தண்டுவட உறைக்கு வெளியே மரக்கவைக்கும் மருந்து செலுத்துவது) போட்ட முதியவர்களின் மூச்சுக் கோளாறுக்கு "மூச்சுத் தளர்ச்சி" என்று போடலாமா டாக்டர்?

வேண்டாம் சிஸ்டர். இரண்டு வேறு ஆபத்துகளை அந்தச் சொல் ஒன்றாக்கிவிடும்.

ஒன்று, மரப்பு (மருந்தால் உடல் மரத்துப்போவது) மேலே ஏறி விலாத் தசைகளைப் பிடிப்பது. இடுப்பில் செலுத்தினால் இளவயதினருக்குத் தண்டுவடக் கண்டம் (ஒரு சோடி நரம்பு கிளம்பும் பகுதி) ஒன்றுக்கு 1 முதல் 1.5 மி.லி. வரை மருந்து தேவைப்படும். வயதாக ஆக முள்ளெலும்புகளின் பக்கத் துளைகள் சுருங்கி, மருந்து வெளியே கசிவது குறையும். அதே அளவைக் கொடுத்தால் மரப்பு இன்னும் உயரம் போகும். மூச்சின் முக்கியத் தசையான உதரவிதானத்தின் நரம்பு கழுத்துக் கண்டங்கள் 3, 4, 5-இலிருந்து வருவதால் சாதாரண மூச்சு பெரும்பாலும் தப்பிவிடும். அடிபடுவது இருமல்தான். வயிற்றுத் தசையும் விலாத் தசையும் சேர்ந்து தள்ளாமல் சளி வெளியே வராது. முதியவருக்கு விலாக்கூடே விறைத்திருக்கும். மல்லாந்து படுத்தால் சாதாரண மூச்சிலேயே சிறு மூச்சுக்குழல்கள் மூடிக்கொள்ளும். இதற்கு "மூச்சுத்தசைத் தொய்வு" என்பேன். மூச்சு வேகமாகும், ஆழம் குறையும், குரல் சன்னமாகும். கைப்பிடி தளர்ந்தால் மரப்பு கழுத்தை நெருங்கிவிட்டது என்று பொருள்.

மற்றது, எபிடியூரலில் மார்ஃபின் என்ற வலி மருந்தைச் சேர்த்தால் வருவது. அது தண்டுவட நீரில் தங்கி மெல்ல மூளைக்கு ஏறும். 6 முதல் 12 மணி நேரம் கழித்தும் மூச்சு மையத்தை அமுக்கும். கரியமில வாயு கூடினால் மூச்சைத் தூண்டும் உணர்வு முதியவர்களுக்கு ஏற்கெனவே மங்கியிருக்கும். எண்ணிக்கை நிமிடத்துக்கு 10-க்குக் கீழே இறங்கும், தூக்கம் அமுக்கும். இதை "மூச்சொடுக்கம்" எனலாம். மார்ஃபினை முறிக்கும் நலோக்சோன் கேட்பது இதற்கு மட்டுமே. தொய்வுக்கு அது உதவாது, ஆக்சிஜனும் மூச்சுக்குக் கைகொடுப்பதும்தான் வழி. இரண்டிலும் மருந்து ஓட்டத்தை உடனே நிறுத்தி மயக்கவியல் டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

> "தொய்வு" சரி டாக்டர். "மரப்பு" என்றால் "மரவிப்பு" என்று மலையாள சிஸ்டர்களுக்கும் புரியும். "ஒடுக்கம்"தான் இடிக்கிறது. அவர்களுக்கு அது "முடிவு". தாளில் பார்த்தால் மூச்சே நின்றுவிட்டதாக நினைப்பார்கள். "மூச்சு மந்தம்" ஆகாதா?

நல்ல திருத்தம். மந்தம் இரு மொழியிலும் ஒரே பொருள், மெதுவாவதையும் சொல்கிறது. "மூச்சு மந்தம்" என்றே வையுங்கள். அதன் கட்டத்தில் எண்ணிக்கையும் விழிப்பும். தொய்வின் கட்டத்தில் இருமல், குரல், கைப்பிடி, ஐஸ் வைத்துப் பார்த்த மரப்பு மட்டம். முலைக்காம்பு வரை ஏறியிருந்தால் மார்பு 4 (மார்பின் நான்காம் கண்டம்) என்று குறிக்கச் சொல்லுங்கள். மார்ஃபின் போனவர்களுக்கு மந்தக் கட்டத்தை 24 மணி நேரமும் நிரப்ப வேண்டும்.