குரூப்பில் சேர்த்த பிறகும் 403

உபுண்டு 20.04-இல் ஓடிக்கொண்டிருந்த ஒரு சின்னத் தளத்தை 22.04 போட்ட புதுச் சர்வருக்கு மாற்றினேன். அதே என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர் மென்பொருள்) கான்ஃபிக், ஹோம் ஃபோல்டருக்குள் அதே கோப்புகள். திறந்தால் 403, அதாவது அனுமதி இல்லை. எர்ரர் லாகில் "13: பெர்மிஷன் டினைட்".

கோப்புகளுக்கு 644 (எல்லோரும் படிக்கலாம்), ஃபோல்டர்களுக்கு 755 (எல்லோரும் நுழையலாம்). எல்லாம் சரி. "777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) போட்டுப் பார்" என்றார் கூட வேலை பார்ப்பவர். போடவில்லை. போட்டிருந்தாலும் பலன் இருந்திருக்காது என்பது நேம்ஐ கட்டளையை '-எல்' சேர்த்து ஓட்டியபோதுதான் புரிந்தது. பாதையில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரின் பெர்மிஷனையும் அது வரிசையாகக் காட்டும். கோளாறு ஹோம் ஃபோல்டரில். உபுண்டு 21.04 முதல் புதுப் பயனரின் ஹோம் 750 ஆகத்தான் (உரிமையாளரும் குரூப்பும் மட்டும் நுழையலாம்) உருவாகிறது, முன்பு 755. உள்ளே அறைக் கதவெல்லாம் திறந்து கிடக்கிறது, வாசல் கேட் மட்டும் பூட்டு.

என்ஜின்எக்ஸ் ஓடுவது டபிள்யூ-டபிள்யூ-டபிள்யூ-டேட்டா என்ற பயனராக (இனி 'டேட்டா' என்றே எழுதுகிறேன், கை வலிக்கிறது). அதை என் குரூப்பில் சேர்த்தேன். 'ஐடி டேட்டா' என்று கேட்டால் குரூப் பெயர் வருகிறது. தளத்திலோ அதே 403! அரை மணி நேரம் மண்டை காய்ந்தது. ஐடி கட்டளை குரூப் கோப்பைப் படித்துச் சொல்கிறது. ஏற்கெனவே ஓடும் ப்ராசஸோ தான் தொடங்கியபோது வாங்கிய பட்டியலையே வைத்திருக்கிறது. என்ஜின்எக்ஸை ரீஸ்டார்ட் செய்தேன், தளம் வந்துவிட்டது. அப்புறம் யோசித்தால், என் ஹோமில் குரூப் படிக்கக்கூடிய மற்ற கோப்புகளும் அதற்குத் திறந்துவிட்டன. அந்த வாரமே தளத்தை ஹோமுக்கு வெளியே, வார் (/var) ஃபோல்டருக்குக் கீழே நகர்த்தினேன்.

———

அதே குரூப் கதை, எனக்கு வேறு விதமாக. டேட்டா குரூப்பில் என்னைச் சேர்க்க யூசர்மாட் கட்டளையில் 'ஏ' இல்லாமல் வெறும் பெரிய 'ஜி' மட்டும் கொடுத்துவிட்டேன். அந்த 'ஏ' இல்லாவிட்டால், இருக்கிற துணைக் குரூப்களையெல்லாம் எடுத்துவிட்டுப் புதியதை மட்டும் வைக்கும். நிர்வாகி உரிமை தரும் சுடோ குரூப்பும் போயிற்று. திறந்திருந்த டெர்மினலில் சுடோ வழக்கம்போல வேலை செய்ததால் அன்று தெரியவில்லை. மறுநாள் லாகின் செய்தால் நான் சாதாரணப் பயனர்! ரிகவரி மோடில் போய் மீட்டேன். இப்போதெல்லாம் 'ஆட்யூசர்', பயனர் பெயர், குரூப் பெயர், அவ்வளவுதான்.

———

ராக்கி லினக்ஸ் ஆட்கள் ஒன்றைக் கவனியுங்கள். படம் அப்லோட் ஆகவில்லை என்று ஃபோல்டரை என்ஜின்எக்ஸ் பயனர் பெயருக்கு மாற்றிவிட்டு விழித்துக்கொண்டிருந்தேன். அங்கே பிஎச்பி நிரலை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் இயல்பாக அப்பாச்சி என்ற பயனராக ஓடும், அப்பாச்சி சர்வரே இல்லாவிட்டாலும்! கோப்பை எழுதுவது அதுதான். பிஎஸ் கட்டளையில் யார் பெயரில் ஓடுகிறது என்று முதலில் பார்த்திருந்தால் ஒரு மதியம் மிஞ்சியிருக்கும்.